டெண்டர் விவரக்குறிப்பு எழுதுவது எப்படி? அரசுக் கட்டடப் பணிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கடல்காற்று நேராக அடிக்கிற ஊர் ஒன்றில் ஒரு பள்ளிக் கட்டடம். பழுது பார்க்க எஸ்டிமேட் போடச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள். கட்டி முடித்துப் பத்து வருடம்கூட ஆகவில்லை. வராண்டா சன்ஷேடில் கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைப் பாளம் பாளமாகக் கீழே தள்ளியிருந்தது. கண்ட்ராக்டர் சிமென்ட்டைத் தின்றுவிட்டார் என்று ஊரே பேசியது. அலுவலகத்துக்குத் திரும்பி பழைய அக்ரிமென்ட்டைத் தேடி எடுத்தேன். அதில் எழுதியிருந்தது எம்20 கான்கிரீட் (எண் கூடினால் பலம் கூடும்), 20 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம். கான்கிரீட்டின் பலத்தைப் பார்க்கும் கியூப் சோதனை முடிவுகளும் சரியாகவே இருந்தன. எழுதியதை அவர் செய்திருக்கிறார். எழுதியதுதான் தப்பு. உள்மாவட்டத்தில் போட்ட ஒரு எஸ்டிமேட்டை எடுத்து, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி டெண்டர் விட்டிருக்கிறார்கள்.

கட்டடத்தின் ஆயுள் அஸ்திவாரம் தோண்டும் நாளில் முடிவாவதில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, எதை, எந்தத் தரத்தில், எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் விவரக்குறிப்பை (ஸ்பெசிஃபிகேஷன்) ஒருவர் தட்டச்சு செய்யும் மேசையில் முடிவாகிறது. அந்த மேசையில் உட்காரும் இளநிலைப் பொறியாளர், உதவிப் பொறியாளருக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெண்டர் போடும் சிறு ஒப்பந்ததாரருக்கும், ஊராட்சித் தலைவருக்கும், தன் ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படிக் கட்டப்படுகிறது என்று கேட்கும் பெற்றோருக்கும்கூட இது உதவும்.

முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறீர்கள்?

பணம் எங்கிருந்து வருகிறது, டெண்டர் விடுவது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

தமிழ்நாடு அரசுத் துறைகள், உள்ளாட்சிகள், அரசு நிறுவனங்கள், வாரியங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளும் பொருந்தும். மத்திய அமைச்சகங்களுக்கும் அவற்றின் துறைகளுக்கும் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள். நாம் ஜி.எஃப்.ஆர். என்று சொல்வது இதைத்தான். உலக வங்கி போன்ற அமைப்புகளின் கடனில் நடக்கும் பணி என்றால், கடன் ஒப்பந்தத்தோடு வரும் கொள்முதல் நெறிகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விவரக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை மிகத் தெளிவாகச் சொல்லியிருப்பது ஜி.எஃப்.ஆர். விதி 144. மாநிலப் பணி செய்பவர்களும் அதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும் என்பேன். அதன் சாரம் இது: வாங்கப்போகும் பொருளையோ வேலையையோ விவரிக்கும்போது அந்த விவரிப்பு யாருக்கும் சாயாததாக, என்ன பயன் வேண்டும் என்பதைச் சொல்வதாக, பொதுவானதாக, அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். குறிப்பிட்ட வணிகக் குறியையோ பிராண்டையோ கேட்கக் கூடாது. அடிப்படைத் தேவைக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். தேவையில்லாத அலங்காரங்களைச் சேர்த்துச் செலவை ஏற்றக் கூடாது. தேசியத் தரநிலைகளோ கட்டட விதித்தொகுப்போ இருக்கும் இடத்தில் அவற்றையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். இந்தியத் தரநிலை இருந்தும் அதற்கு இணையான சர்வதேசத் தரநிலையைப் பிடிக்க வேண்டுமென்றால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

என் அனுபவத்தில் அதிகம் மீறப்படுவது ‘அளக்கக்கூடியதாக’ என்ற ஒற்றைச் சொல்தான். பிராண்டு பெயர் போட்டால் யாராவது சத்தம் போடுவார்கள். ‘நல்ல தரமான மணல்’ என்று எழுதினால் யாரும் சத்தம் போடுவதில்லை.

பேனா எடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜி.எஃப்.ஆர். விதி 136, நிர்வாக ஒப்புதல், செலவுக்கான அனுமதி, ஒப்புதல் பெற்ற விரிவான வடிவமைப்பு, விவரக்குறிப்புகளும் அளவுகளும் அடங்கிய மதிப்பீடு, நிதி ஆகியவை இல்லாமல் எந்தப் பணியையும் தொடங்கக் கூடாது என்கிறது. மாநிலத்திலும் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப அனுமதி என்ற வரிசை உண்டு. இதை வெறும் கோப்புச் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. வரைபடம் முடியாமல் விவரக்குறிப்பு எழுதுபவர் ஊகத்தைத்தான் எழுதுகிறார். அந்த ஊகம் பிறகு கூடுதல் ஐட்டமாக, கூடுதல் செலவாக, நீதிமன்ற வழக்காக வெளியே வரும்.

மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அங்கே சாதாரணத் தனி அஸ்திவாரம் என்று எழுதிவிட்டு, தோண்டிய பிறகு அண்டர்-ரீம்டு பைலுக்கு (அடியில் குமிழ்போல் விரியும் ஆழ அஸ்திவாரம்) மாறினால் மொத்த ஒப்பந்தத்தின் கணக்கும் குலைந்துபோகும். தண்ணீரையும் பாருங்கள். தளத்தில் இருக்கும் போர்வெல் தண்ணீர் கான்கிரீட் கலக்க உதவாது என்றால் லாரித் தண்ணீரின் செலவை யார் ஏற்பது? இது விலைப்புள்ளி போடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஒருமுறையாவது தளத்துக்கு நேரில் போங்கள். பாதை எவ்வளவு அகலம், ரெடிமிக்ஸ் வண்டி திரும்புமா, மின்கம்பி தலைக்கு மேல் போகிறதா, பள்ளி நடக்கும் நேரத்தில் வேலை செய்ய முடியுமா. இவை எல்லாம் விலையை மாற்றும். விலையை மாற்றும் எதுவும் விவரக்குறிப்பில் இருந்தாக வேண்டும்.

எந்தத் தரநூலைப் பின்பற்றுவது

ஒவ்வொரு ஐட்டத்தையும் நாமே புதிதாக விவரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு பொதுப்பணித்துறைக்குத் தமிழ்நாடு பில்டிங் பிராக்டீஸும், பழைய மெட்ராஸ் தர விவரக்குறிப்புகளின் வழியில் வந்த தொகுப்பும் இருக்கின்றன. மத்தியப் பொதுப்பணித்துறைக்கு 2019-இல் வந்த இரு தொகுதி விவரக்குறிப்பு. சாலைக்கும் பாலத்துக்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, ஐந்தாம் திருத்தம், 2013. இவற்றுக்கு அடியில் ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரநிலைகள்.

இதில் இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, ஐ.எஸ். எண்ணைப் போட்டு ஆண்டைப் போடாமல் விடுவது, அல்லது வழக்கொழிந்த பதிப்பைப் போடுவது. ஜல்லி, மணலுக்கு இன்னும் 1970-ஆம் ஆண்டுப் பதிப்பைக் குறிப்பிடும் ஆவணங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்போது ஐ.எஸ். 383-க்கு 2016 பதிப்பு இருக்கிறது. எம்-சாண்ட் முறையாக அதில் இடம்பெறுகிறது. ஆற்றுமணல் கிடைக்காத இந்தக் காலத்தில் பழைய பதிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் தளத்தில் தினமும் தகராறுதான். இரண்டாவது பிழை, ஒரே ஐட்டத்துக்கு இரண்டு தரநூல்களைக் குறிப்பிட்டுவிட்டு எது மேல் என்று சொல்லாமல் விடுவது.

அதனால் ‘முரண்பட்டால் எது நிற்கும்’ என்ற வரிசையை ஆவணத்தில் கட்டாயம் எழுதுங்கள். மத்தியப் பொதுப்பணித்துறையின் ஒப்பந்த நிபந்தனையில் இந்த வரிசை நல்ல மாதிரியாக இருக்கிறது: முதலில் அளவுப் பட்டியலில் (ஒவ்வொரு வேலையும் அதன் அளவும் வரிசையாக வரும் பட்டியல்) உள்ள ஐட்டம் விவரிப்பு, அடுத்து இந்தப் பணிக்கென எழுதிய தனி விவரக்குறிப்பும் சிறப்பு நிபந்தனைகளும், அதன்பின் வரைபடங்கள், பிறகு துறையின் பொது விவரக்குறிப்பு, கடைசியாக ஐ.எஸ். தரநிலை. அளவுப் பட்டியல் வரி எவ்வளவு வலுவானது என்று இதிலிருந்தே புரியும். அந்த வரியில் எம்20 என்று இருந்தால் வரைபடத்தில் எம்30 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் எம்20-தான் நிற்கும்.

ஒரு ஐட்டத்தை எழுதிப் பார்ப்போம்

அந்தக் கடலோரப் பள்ளிக்கே திரும்புவோம். ஒரு பழைய ஆவணத்தில் நான் பார்த்த ஐட்டம் ஏறக்குறைய இப்படி இருந்தது: “முதல் தரமான ஆர்.சி.சி. கான்கிரீட், தேவையான கம்பி, சென்ட்ரிங் உட்பட, பொறியாளரின் திருப்திக்கு ஏற்ப போடுதல்.”

இதில் எந்தச் சொல்லையும் டேப் வைத்து அளக்க முடியாது. எந்தச் சொல்லையும் ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியாது. ‘பொறியாளரின் திருப்தி’ என்ற சொல்லுக்கு விலை போடச் சொன்னால் ஒப்பந்ததாரர் என்ன செய்வார்? பொறியாளரை அறிந்தவர் குறைத்துப் போடுவார், அறியாதவர் ஏற்றிப் போடுவார் அல்லது ஒதுங்கிக்கொள்வார். டெண்டரில் சமவாய்ப்பு அந்த ஒரு சொல்லிலேயே போய்விட்டது.

இப்போது கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456:2000-ஐத் திறந்து பாருங்கள். கட்டடம் நிற்கும் சூழலை அது ஐந்தாகப் பிரிக்கிறது: மிதமானதிலிருந்து மிகக் கொடியது வரை. கடலோரக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட், கடுமையான சூழல் என்ற மூன்றாவது வகையில் விழும். அந்த வகைக்கு ஆர்.சி.சி.யில் குறைந்தபட்சம் எம்30, சிமென்ட் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையக் கூடாது, நீர்-சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக் கூடாது, கவர் 45 மி.மீ. (எம்35-க்கும் அதற்கு மேலும் போனால் கவரில் 5 மி.மீ. குறைக்கலாம்.) உள்மாவட்டத்தில் மழை வெயிலுக்கு மறைவான மிதமான சூழலுக்கு எம்20, 300 கிலோ, 0.55, 20 மி.மீ. ஒரே புத்தகம், அதே அட்டவணைகள், இரண்டு வரி தள்ளி. அந்த இரண்டு வரியைப் பார்க்காததால்தான் அந்தச் சன்ஷேடு விழுந்தது.

திருத்தி எழுதினால் இப்படி வரும்:

“தரைமட்ட பீம், காலம், லிண்டல், சன்ஷேடு, மேல்தளம் ஆகியவற்றுக்கு, ஐ.எஸ். 456:2000, ஐ.எஸ். 10262:2019 ஆகியவற்றின்படி எம்30 தர வடிவமைப்புக் கலவைக் கான்கிரீட். அதிகபட்ச ஜல்லி அளவு 20 மி.மீ. ஜல்லியும் எம்-சாண்டும் ஐ.எஸ். 383:2016-க்கு உட்பட்டவை. சிமென்ட் கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாமல். நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மிகாமல். எடையளவில் கலத்தல், இயந்திரக் கலப்பு, வைப்ரேட்டர் வைத்துக் கெட்டித்தல், நீராற்றல் (கியூரிங்) உட்பட. கம்பிக்கு 45 மி.மீ. கவர், கான்கிரீட் கவர் பிளாக் வைத்து. கம்பியும் சென்ட்ரிங்கும் தனி ஐட்டங்களில் அளந்து பணம் தரப்படும். அலகு: கன மீட்டர்.”

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் பத்து ஒப்பந்ததாரர்களும் ஒரே பொருளுக்குத்தான் விலை போடுவார்கள்.

இதில் சில இடங்களைக் கவனியுங்கள். ‘எம்30 (1:0.75:1.5)’ என்று விகிதம் போட்டு எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஐ.எஸ். 456 பெயரளவுக் கலவையை (நிலையான விகிதத்தில் கலப்பதை) எம்20 வரைதான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் கணக்கிட்டுச் சோதித்துத் தீர்மானிக்கும் வடிவமைப்புக் கலவைதான். கலவையை வடிவமைக்கும் செலவு யாருடையது என்றும் எழுதுங்கள். கவரை 20-லிருந்து 45-ஆக மாற்றினால் மேல்தளத்தின் பயனுறு ஆழம் (சுமை தாங்கும் கணக்கில் வரும் ஆழம்) குறையும். அதனால் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றக் கூடாது. வடிவமைப்புப் பொறியாளரிடம் திருப்பி அனுப்பிக் கணக்கு பார்த்து வாங்குங்கள். நீராற்றலையும் ‘போதுமான நாட்கள்’ என்று விடாதீர்கள். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வெப்பமும் வறட்சியும் உள்ள நிலையில் 10 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், அதை 14 வரை நீட்டுவது நல்லது என்கிறது தரநிலை. நம் ஊர் வெயிலுக்கும் நம் கடைகளில் கிடைக்கும் பி.பி.சி.க்கும் 14 என்றே எழுதுவேன்.

சோதனை எண்ணிக்கையையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் 5 கன மீட்டர் வரை போட்டால் ஒரு மாதிரி, 15 வரை இரண்டு, 30 வரை மூன்று, 50 வரை நான்கு. அதற்குமேல் ஒவ்வொரு 50-க்கும் ஒன்று கூட. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். 40 கன மீட்டர் மேல்தளம் போடும் அன்று 28 நாள் சோதனைக்கே 12 கியூப் அச்சு தளத்தில் இருக்க வேண்டும். 7 நாள் பலமும் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் கூடுதலாக. இதை எழுதாமல் விட்டால் அன்று காலையில் மூன்று அச்சுதான் வரும். சோதனைக் கட்டணம் ஒப்பந்த விலைக்குள்ளா வெளியிலா என்பதையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள்.

கம்பி: எடையில் ஒளிந்திருக்கும் பணம்

கம்பிக்கு ‘டி.எம்.டி. கம்பி’ என்று மட்டும் எழுதினால் போதாது. ஐ.எஸ். 1786:2008-இல் எஃப்.இ.500-க்கும் எஃப்.இ.500டி-க்கும் யீல்டு பலம் (கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) ஒன்றுதான். ஆனால் நீளும் தன்மை முதலாவதுக்கு 12 சதவீதம், டி-க்கு 16 சதவீதம். நிலநடுக்கத்தைக் கருத்தில் கொண்டு வடிவமைத்த கட்டடத்தில் அந்த ஒரு எழுத்து விட்டுப்போகக் கூடாது.

அடுத்தது எடை. 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 0.888 கிலோ. தரநிலை இந்த அளவுக்கு 5 சதவீதம் வரை கூடக் குறைய அனுமதிக்கிறது; 10 மி.மீ. வரையுள்ள கம்பிக்கு 7, 16 மி.மீ.க்கு மேல் 3. தளத்துக்கு வந்த கம்பி 5 சதவீதம் எடை குறைந்ததாக இருந்து, எம்-புக்கில் (தளத்தில் எடுத்த அளவுகளைப் பதியும் புத்தகம்) நீளத்தை 0.888-ஆல் பெருக்கிப் பணம் போட்டால், 5 டன்னுக்குப் பணம் வாங்கிய இடத்தில் 250 கிலோ கம்பி வரவே இல்லை. ஒப்பந்ததாரர் மேல் இதில் குற்றம் சொல்ல முடியாது. வந்த கம்பி தரநிலைக்குள்தான் இருக்கிறது. அதனால் இப்படி எழுதுங்கள்: ஒவ்வொரு லோடிலும் மீட்டர் எடை பார்க்கப்படும், அனுமதித்த வரம்புக்குள் குறைந்தால் உண்மை எடைக்கே பணம், நிலையான எடையைவிடக் கூடினால் நிலையான எடைக்கே பணம், வரம்புக்குக் கீழே போனால் கம்பி திரும்பிப் போகும்.

அளவு முறையிலும் இதே கதைதான். செங்கல் கட்டில் எவ்வளவு பெரிய திறப்பைக் கழிப்பது, பூச்சில் எவ்வளவு என்பதற்கெல்லாம் ஐ.எஸ். 1200 இருக்கிறது. ‘அளவுகள் ஐ.எஸ். 1200-இன்படி’ என்ற மூன்று சொல் பில் போடும் நாளில் பல மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும்.

பிராண்டு என்ற பள்ளம்

குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயரை எழுதக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெயர் எழுதாமலே பிராண்டைக் கேட்க முடியும். ஒரு நீரேற்று அறைக்கான விவரக்குறிப்பில் பம்பின் மொத்த நீளமும் எடையும் கடைசித் தசமம் வரை குறிக்கப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கேட்டலாக்கை அப்படியே இறக்கியிருந்தார்கள். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. விற்பனைப் பிரதிநிதி கொடுத்த தாளை நம்பியிருக்கலாம். விளைவு என்னவோ ஒன்றுதான்: மற்ற எல்லா நிறுவனமும் வாசலிலேயே நின்றுவிடும்.

பம்புக்கு எது வேண்டும்? எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், குறைந்தபட்சத் திறன் எவ்வளவு, எந்த மின்னழுத்த ஏற்றஇறக்கத்தைத் தாங்க வேண்டும், போர்வெல்லின் விட்டம் என்ன, எந்த ஐ.எஸ். தரநிலை. போர்வெல்லின் விட்டம் தளத்தின் உண்மை, அதை எழுதலாம். பம்பின் எடை யாருக்கும் தேவையில்லை.

பெயர் சொல்லாமல் விளக்கவே முடியாத இடங்கள் அரிதாக வரும். ஏற்கெனவே ஓடும் லிஃப்டுக்கு உதிரிபாகம், பழைய தீயணைப்புப் பலகையோடு சேர வேண்டிய கருவி போன்றவை. அங்கே காரணத்தைக் கோப்பில் எழுதி, உரிய அதிகாரியின் ஒப்புதல் வாங்கி, ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்த்துவிடுங்கள். அந்தச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த அளவுகளில் இணை, அதை நிரூபிக்க எந்தச் சோதனை அறிக்கை, ஏற்பதா இல்லையா என்று எத்தனை நாளில் பதில் என்பதெல்லாம் இல்லையென்றால் ‘இணையானது’ என்பது வெறும் அலங்காரம். பல துறைகள் ஏற்கத்தக்க தயாரிப்புகளின் பட்டியலை இணைப்பாகத் தருகின்றன. அது நல்ல வழிதான், பட்டியலில் உண்மையிலேயே தமக்குள் போட்டி போடும் பல பெயர்கள் இருக்கும் வரை.

தகுதி நிபந்தனையும் விவரக்குறிப்புதான்

என்ன கட்ட வேண்டும் என்பதைப் பொதுவாக எழுதிவிட்டு, யார் கட்டலாம் என்பதில் கதவைச் சாத்துவது இன்னொரு வழி. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002 டிசம்பரில் கொடுத்த வழிகாட்டுதல் இதற்கு அளவுகோலாகப் பரவலாகப் பயன்படுகிறது: கடந்த 3 ஆண்டுகளின் சராசரி வரவு-செலவு (டர்ன்ஓவர்), மதிப்பீட்டின் 30 சதவீதமாவது இருக்க வேண்டும், கடந்த 7 ஆண்டுகளில் இதுபோன்ற பணிகள் மூன்று, ஒவ்வொன்றும் 40 சதவீதத்துக்குக் குறையாமல், அல்லது இரண்டு, 50 சதவீதத்துக்குக் குறையாமல், அல்லது ஒன்று, 80 சதவீதத்துக்குக் குறையாமல். 1 கோடி ரூபாய்ப் பள்ளிக் கட்டடத்துக்கு 30 லட்சம் வரவு-செலவும், 40 லட்சத்தில் மூன்று வேலை அல்லது 50 லட்சத்தில் இரண்டு அல்லது 80 லட்சத்தில் ஒன்றும் போதும்.

இங்கே சிக்கல் எண்ணில் இல்லை, ‘இதுபோன்ற பணி’ என்ற சொல்லில் இருக்கிறது. இரண்டு மாடி ஆர்.சி.சி. கட்டடம் என்றால் அது நியாயம். ‘இதே மாவட்டத்தில், இதே துறைக்கு, ஸ்மார்ட் வகுப்பறையுடன் கட்டிய பள்ளி’ என்றால் அந்த வரி யாரோ ஒருவருக்காக எழுதப்பட்டது. ஒவ்வொரு தகுதி நிபந்தனைக்கும் எதிரே, இது இல்லாவிட்டால் கட்டடத்துக்கு என்ன கெடும் என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாததை அடித்துவிடுங்கள்.

வெளியிடுவதும் விளக்கம் சொல்வதும்

தமிழ்நாடு விதிகளில் 2 கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமென்றால், டெண்டர் கோரும் அதிகாரிக்கு மேலே உள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். நிதியாண்டு முடிகிறது என்று மார்ச் மாதத்தில் இதைச் சுருக்கும் வழக்கம் இருக்கிறது. ஆழமான விவரக்குறிப்பை ஐந்து நாளில் படித்து விலை போட ஏற்கெனவே அதைப் பார்த்தவரால்தான் முடியும்.

ஒருவர் சந்தேகம் கேட்டால் பதில் எல்லாருக்கும் போக வேண்டும், எழுத்தில். தொலைபேசியில் ‘அது பரவாயில்லை, போடுங்க’ என்று சொன்னது நாளை ஆதாரமாகாது. சொல்லாமல் விட்ட மற்றவர்களுக்கு அநீதியும் ஆகும். திருத்த அறிவிப்பு விட்டால் எந்தப் பக்கம், எந்த ஐட்டம், பழையது என்ன, புதியது என்ன என்று அருகருகே காட்டுங்கள். திருத்தம் விலையைப் பாதிக்கும் என்றால் கடைசித் தேதியையும் தள்ளுங்கள்.

ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு வார்த்தை. விவரக்குறிப்பில் குறை இருந்தால் டெண்டர் திறக்கும் முன்பே கேளுங்கள். டெண்டர் நிபந்தனையை வகுப்பது அரசின் உரிமை. அது தன்னிச்சையாகவோ கெட்ட நோக்கோடோ இருந்தால் ஒழிய நீதிமன்றம் தலையிடாது என்பதுதான் 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய பாதை. விலை கூடிவிட்டதே என்று பின்னால் வருத்தப்படுபவருக்குக் கோர்ட்டில் அதிகம் கிடைக்காது.

எழுதியதை விட்டு நகராமல் மதிப்பிடுவது

இந்தத் துறையில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. பம்பாய் விமான நிலையத்தில் ஓர் உணவகம் நடத்த டெண்டர் விட்டார்கள். பதிவு பெற்ற இரண்டாம் தர விடுதி நடத்துபவர், குறைந்தது 5 ஆண்டு அனுபவம் என்பது நிபந்தனை. அந்தத் தகுதி இல்லாதவருக்கே வேலை போனது. 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம், தான் அறிவித்த அளவுகோலுக்கு அரசு அமைப்பு தானே கட்டுப்பட்டது, அதைத் தளர்த்துவது அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. நிபந்தனை தளரும் என்று முன்பே தெரிந்திருந்தால் வேறு பலரும் போட்டியிட்டிருப்பார்களே என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் நியாயம். ஆனாலும் வழக்குத் தொடுத்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. தாமதமாக வந்தார், அதற்குள் மற்றவர் பணம் போட்டுத் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

எனவே மதிப்பிடும் மேசையில் புதிய நிபந்தனை முளைக்கவும் கூடாது, எழுதிய நிபந்தனை காணாமல் போகவும் கூடாது. தமிழ்நாடு சட்டத்தின் பிரிவு 10, புறவயமான, எண்ணிக்கையில் காட்டக்கூடிய காரணிகளை வைத்துக் குறைந்த விலைப்புள்ளியைக் கண்டறியச் சொல்கிறது. விலைப் பேச்சும் அந்தக் குறைந்த விலை போட்டவரோடு மட்டும்தான். அந்தக் காரணிகள் டெண்டர் ஆவணத்தில் முன்பே இருந்திருக்க வேண்டும். உத்தரவால் பாதிக்கப்பட்டவர் அது கைக்கு வந்த 10 நாளுக்குள் பிரிவு 11-இன் கீழ் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்து நாள் என்பது வக்கீலைத் தேடுவதற்குள் ஓடிவிடும். உத்தரவின் தேதியும் அது கைக்கு வந்த தேதியும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு மணி நேரம்

ஆவணம் முடிந்ததும் நான் செய்வது இது. அளவுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தளத்தில் பழுத்த ஒரு மேஸ்திரியையோ மேற்பார்வையாளரையோ உட்காரவைத்து வரி வரியாக வாசிப்பேன். “சார், இந்த லிண்டல் எந்த மட்டத்துல வருது? ஜன்னல் உயரம் வரைபடத்துல வேற போட்டிருக்கே” என்று அவர் கேட்ட ஒரு கேள்வி, ஒரு முழு மாடியின் செங்கல் அளவைத் திருத்த வைத்திருக்கிறது. பொறியாளர்கள் மூன்று பேர் பார்த்துக் கையெழுத்திட்ட ஆவணம் அது.

வாசிக்கும்போது ‘தரமான’, ‘உரிய’, ‘தேவையான’, ‘போதுமான’, ‘முதல் தரமான’ என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு எண்ணோ, ஒரு ஐ.எஸ். எண்ணோ, ஒரு சோதனையின் பெயரோ வந்து உட்கார வேண்டும். லம்ப்சம் (அளக்காமல் மொத்தத் தொகை) என்று போட்ட ஐட்டங்களையும் எண்ணுங்கள்; அளந்து காட்ட முடிந்தவற்றைப் பிரித்து வெளியே எடுங்கள். அளவுகளை ஒருமுறை வேறொருவரை வைத்துத் திரும்பக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். தோண்டுதலைக் குறைத்தும் பூச்சைக் கூட்டியும் காட்டிய பட்டியலைப் பார்த்த கெட்டிக்கார ஒப்பந்ததாரர், கூடப்போகும் ஐட்டத்துக்கு விலையை ஏற்றியும் குறையப்போகும் ஐட்டத்துக்கு இறக்கியும் போட்டு, பட்டியலில் எல்-1 (மிகக் குறைந்த விலை போட்டவர்) ஆகவும் பில்லில் அதிகம் வாங்குபவராகவும் ஆகிவிடுவார்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் விவரக்குறிப்பின் ஒரு பிரதியை தளத்திலேயே வையுங்கள், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில். பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் ஒன்று. அந்தக் கடலோரப் பள்ளியில் புதிய வராண்டா போட்டபோது தலைமையாசிரியை கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, “சார், இதுல 45-னு போட்டிருக்கு, இது 40-தான் வருது” என்று எனக்கு போன் செய்தார். அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, புதிய பிளாக் வரும்வரை இரண்டு நாள் கான்கிரீட்டை நிறுத்தி வைத்தோம்.